அபாய வேளையில் அணி உடைவது ஏன்? 13 உயிர்கள் தந்த பாடம்

கடை ஒழுங்காக நடக்கும் நாட்களில் எந்த முதலாளிக்கும் தன் ஊழியர்கள் மீது பெரிய குறை இருக்காது. காலையில் கதவு திறக்கப்படுகிறது. சாமான் இறக்கப்படுகிறது. வாடிக்கையாளர் கவனிக்கப்படுகிறார். இரவில் கணக்கு முடிகிறது. ஆனால் ஒரு நாள் ஸ்டோரில் தீப்பிடிக்கிறது. அல்லது இரவோடு இரவாக வெள்ளம் ஏறுகிறது. அல்லது முதலாளி திடீரென்று நோயில் விழுகிறார். அப்போது அதே ஊழியர்கள் என்ன செய்வார்கள்? முதலாளி சொல்வதை யார் கேட்பார்கள்? அவர் இல்லாவிட்டால் யார் சொல்வது, யார் கேட்பது?

2004 சுனாமியையும், 2020 ஊரடங்கையும், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டையும் கண்ட எமது வர்த்தகர்களுக்கு இக்கேள்வி புதியதல்ல. எனினும் நாம் அதை நட்டம், காப்புறுதி, வங்கிக் கடன் என்ற அளவிலேயே யோசித்துப் பழகிவிட்டோம். சரக்கு அழிவதைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு, மனிதர்கள் மனமுடைந்து சிதறுவதைப் பற்றி யோசிப்பதில்லை.

அபாயத்தையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள், மீட்புப் பணியாளர்கள், விமானிகள் போன்றோர் அவர்கள். இவர்களது அணிகள் எப்போது தாங்கி நிற்கின்றன, எப்போது உடைகின்றன என்பதை அறிஞர்கள் பல தசாப்தங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசும் சம்பவம் ஒன்று உண்டு. அது 1949 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நடந்தது. அதை இவ்வாரம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நடந்தது என்ன?

அமெரிக்க வனத்திணைக்களத்தில் 'ஸ்மோக் ஜம்பர்' எனப்படும் ஒரு பிரிவு இருக்கிறது. வாகனம் போக முடியாத மலைக்காடுகளில் தீ மூண்டால், இவர்கள் விமானத்திலிருந்து பரசூட் மூலம் குதித்து அதை அணைப்பார்கள். 1949 ஒகஸ்ட் 5 ஆம் திகதி, மிசூரி ஆற்றின் கரையிலுள்ள மேன் கல்ச் என்ற மலைப் பள்ளத்தாக்கில் மின்னலால் மூண்ட தீயை அணைக்க 15 பேர் குதித்தார்கள். தரையில் ஏற்கனவே தனியாகத் தீயோடு போராடிக்கொண்டிருந்த ஒரு வனக்காவலரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். ஆக மொத்தம் 16 பேர். பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 17.

தலைவர் பெயர் வாக்னர் டொஜ். அனுபவசாலி, ஆனால் அதிகம் பேசாதவர். இறங்கும்போதே ஒரு தவறு நேர்ந்தது. வானொலிக் கருவியின் பரசூட் விரியாததால் கருவி விழுந்து நொறுங்கிவிட்டது. வெளியுலகத் தொடர்பு அறுந்தது. ஆனாலும் எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிடக்கூடிய சாதாரணத் தீ என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

டொஜ் முன்னால் சென்று வனக்காவலரைச் சந்தித்தார். தீயின் போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. அணியை ஆற்றின் பக்கம் நகரும்படி தன் உதவித் தலைவரிடம் சொல்லிவிட்டு, சாமான் இறங்கிய இடத்துக்குத் திரும்பி வனக்காவலருடன் உணவருந்தினார். பிறகு வந்து அணியின் முன்னால் சேர்ந்துகொண்டார். அதற்குள் தீ பள்ளத்தாக்கைத் தாண்டி இவர்கள் பக்கம் பாய்ந்து, ஆற்றுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது.

மாலை 5.45 மணியளவில் டொஜ் அணியைத் திருப்பினார். இனிச் செங்குத்தான சரிவில் மேல்நோக்கி ஓட வேண்டும். காய்ந்த புல்லில் சுமார் 30 அடி உயரச் சுவாலை துரத்தி வருகிறது. கோடரி, மண்வெட்டி, வாள் என்று கையிலுள்ள கருவிகளைப் போட்டுவிட்டு ஓடும்படி அவர் கட்டளையிட்டார். சிலர் போட்டார்கள். சிலர் போடவில்லை. மண்வெட்டியை எறியாமல் பக்குவமாக மரத்தில் சாய்த்து வைத்தவரும் உண்டு.

ஓடி முடியாது என்று தெரிந்தபோது டொஜ் ஒரு காரியம் செய்தார். தீக்குச்சியைக் கிழித்து, தனக்கு முன்னாலிருந்த புல்லில் தானே நெருப்பு வைத்தார்! புல் எரிந்து முடிந்த இடத்தில் பெரிய தீக்கு இரை இருக்காது, அந்தச் சாம்பலில் படுத்துக்கொண்டால் தப்பலாம் என்பது அவர் கணக்கு. "இங்கே வாருங்கள்" என்று எல்லோரையும் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. தலைவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுகூட அவர்கள் நினைத்திருக்கலாம். அவரைக் கடந்து ஓடினார்கள்.

டொஜ் நனைத்த கைக்குட்டையை வாயில் வைத்துச் சாம்பலில் குப்புறப் படுத்தார். தீ அவர் மேலாகக் கடந்து சென்றது. உயிருடன் எழுந்தார். ரொபர்ட் சலி, வோல்டர் ரம்சி என்ற இரு இளைஞர்கள் மலையுச்சிப் பாறைகளுக்கு இடையிலிருந்த ஒரு வெடிப்பினூடாக ஏறித் தப்பினார்கள். மற்றைய 13 பேரும் இறந்துபோனார்கள். டொஜ் கூப்பிட்டதற்கும் தீ அவர்களைப் பிடித்ததற்கும் இடையில் சில நிமிடங்கள்கூட இருக்கவில்லை.

கட்டளை சரி, கேட்க அணி இல்லை

இச்சம்பவத்தில் எம்மை உறுத்த வேண்டிய விடயம் ஒன்று உண்டு. தலைவர் சொன்னது சரி. கருவியைப் போடச் சொன்னதும் சரி, சாம்பலுக்குள் வரச் சொன்னதும் சரி. அப்படியிருந்தும் அவரது சரியான யோசனை அவர் ஒருவரை மட்டுமே காப்பாற்றியது. ஏன்?

மிஷிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ள் வைக் 1993 இல் எழுதிய பிரபலமான ஆய்வில் இதற்குக் கூறும் விளக்கத்தின் சாரம் இதுதான்: தீ அவர்களைக் கொல்வதற்கு முன்னரே அந்த அணி உடைந்துவிட்டது. அதற்கான காரணங்கள் அன்று பிற்பகலில் தொடங்கியவையல்ல.

முதலாவது, அவர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்திருக்கவில்லை. அந்தப் பருவத்தின் ஆரம்பத்தில் நடந்த பயிற்சியில் டொஜ் அணியுடன் இருக்கவில்லை. இந்த மனிதர் எப்படிப்பட்டவர், இக்கட்டில் எப்படி யோசிப்பவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. அறியாத மனிதர் விளங்காத காரியத்தைச் செய்யச் சொல்லும்போது யார் நம்புவார்?

இரண்டாவது, வேலைப் பொறுப்பு குழம்பியது. தலைவர் ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால். இடையில் உதவித் தலைவர் நடத்துகிறார். பிறகு மீண்டும் தலைவர். யார் யாரைப் பின்பற்றுவது என்ற ஒழுங்கு தளர்ந்தது.

மூன்றாவது, தலைவரின் நடத்தை தவறான செய்தியைச் சொன்னது. அவர் உள்ளூரக் கவலைப்பட்டார். ஆனால் வெளியே அமைதியாகச் சாப்பிட்டார். பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? அவசரம் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். எமது கடைகளிலும் ஊழியர்கள் முதலாளியின் வாயைவிட அவர் முகத்தையும் நடையையும் பார்த்தே நிலைமையை அளக்கிறார்கள்.

நான்காவது, காரணம் சொல்லப்படவில்லை. தீயின் இரைச்சலில் விளக்கம் சொல்ல நேரமுமில்லை. தனக்கு முன்னால் நெருப்பு வைத்துத் தப்பும் முறையை எவருக்கும் பயிற்சியில் கற்பித்திருக்கவில்லை. டொஜ்ஜும் அதற்கு முன்னர் அதைச் செய்தவரல்ல. புதிய யோசனையொன்று ஆபத்தின் நடுவே முதன்முறையாகக் காதில் விழுந்தால் அது யோசனையாகத் தெரியாது, பைத்தியக்காரத்தனமாகவே தெரியும்.

இங்கே மனித மனத்தின் இயல்பு ஒன்றையும் கவனிக்க வேண்டும். கடும் பயத்தில் மனிதனின் பார்வை குறுகிவிடுகிறது. புதிதாகக் கற்றது மறந்து, நெடுநாள் பழகிய செயலே முன்னுக்கு வருகிறது. ஓடுவது பழகிய செயல். கருவியைப் பிடித்திருப்பதும் பழகிய செயல். ஆகவே, இக்கட்டில் வெளிப்படும் மனவுறுதி என்பது ஒருவருடைய பிறவித் துணிச்சல் மட்டுமல்ல. முன்கூட்டியே என்ன பழகியிருக்கிறோம், பக்கத்தில் நிற்பவரை எவ்வளவு நம்புகிறோம் என்பதைப் பொறுத்ததுமாகும். தப்பிய சலியும் ரம்சியும் கடைசிவரை இருவராகவே ஓடினார்கள் என்பதை வைக் சுட்டிக்காட்டுகிறார்.

கருவியைப் போட முடியாத கை

1994 ஜூலை 6 ஆம் திகதி கொலராடோ மாநிலத்தில் ஸ்டோர்ம் கிங் மலைத் தீயில் 14 வீரர்கள் இறந்தார்கள். 45 ஆண்டுகள் கடந்தும் அதே காட்சி. மேல்நோக்கி ஓடியவர்களில் சிலர் பாரமான பைகளையும் கருவிகளையும் சுமந்தபடியே ஓடியிருந்தார்கள். போட்டுவிட்டு ஓடியிருந்தால் இன்னும் வேகமாக ஏறியிருக்கலாம்.

உயிர் போகும் நேரத்தில் ஒரு மண்வெட்டியை ஏன் விடவில்லை? இதற்கென்றே வைக் இன்னொரு கட்டுரை எழுதினார். கட்டளை காதில் விழாமல் இருக்கலாம். விழுந்தாலும் காரணம் விளங்காமல் இருக்கலாம். பக்கத்தில் ஓடுபவர் போடவில்லையே, நான் மட்டும் போடுவதா என்ற எண்ணம் வரலாம். போடுவது தோல்வியை ஒத்துக்கொள்வதாகத் தோன்றலாம். எல்லாவற்றையும் விட, தீயணைப்பவன் என்ற அடையாளமே அந்தக் கருவிதான். அதை விட்டால் அவன் யார்?

வர்த்தகச் சகோதரர்களே, இது எமக்கு அந்நியமான விடயமா? நட்டத்தில் ஓடும் கிளையை மூட மனமில்லாமல் நல்ல கடையின் பணத்தையும் அதில் கொட்டுகிறோம். விலை இறங்கும் சரக்கை, "வாங்கிய விலைக்குக் குறைத்துக் கொடுப்பதா?" என்று பிடித்து வைத்து, இறுதியில் பாதி விலைக்கும் போகாமல் தவிக்கிறோம். வாப்பா காலத்து ஏஜென்சி என்பதற்காக, வாங்குவோர் இல்லாத பொருளைத் தொடர்ந்து இறக்குகிறோம். மற்றக் கடைக்காரர் விடவில்லையே, ஊரார் என்ன நினைப்பார்கள் என்ற அதே எண்ணங்கள்தான். அந்த மலைச்சரிவில் இருந்த மண்வெட்டி எமது ஸ்டோரிலும் இருக்கிறது. எதை, எந்த நிலையில் கைவிடுவது என்பதை அமைதியான நாளிலேயே தீர்மானித்து வைக்காதவரால் ஆபத்து நாளில் கைவிட முடியாது.

தாங்கி நின்ற ஓர் அணி

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1989 ஜூலை 19 ஆம் திகதி, டென்வரிலிருந்து சிக்காகோ நோக்கிப் பறந்த யுனைட்டட் விமான நிறுவனத்தின் 232 ஆம் இலக்க டிசி-10 விமானத்தின் வால் இயந்திரம் நடுவானில் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ரோலிக் தொகுதிகளும் ஒன்றாகச் செயலிழந்தன. இப்படி ஒரு நிலைமைக்குக் கைநூலில் வழியே இருக்கவில்லை. விமானத்தில் 296 பேர்.

தலைமை விமானி அல் ஹெய்ன்ஸ் நீண்ட அனுபவம் உள்ளவர். அவர் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நடந்துகொள்ளவில்லை. பயணியாக வந்திருந்த டெனிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி உதவ முன்வந்ததும் அவரை உள்ளே எடுத்தார். எஞ்சிய இரு இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து விமானத்தைத் திருப்பும் வேலையை அவரிடம் கொடுத்தார். ஒருவர் வானொலியில் பேச, ஒருவர் கணக்குப் பார்க்க, ஒருவர் விசை பிடிக்க, சுமார் 44 நிமிடங்கள் போராடி சூ சிற்றி விமான நிலையத்தில் இறக்கினார்கள். விமானம் ஓடுபாதையில் உடைந்து எரிந்தது. 112 பேர் இறந்தார்கள். ஆனால் 184 பேர் பிழைத்தார்கள்.

இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டபோது ஹெய்ன்ஸ் தன் திறமையைச் சொல்லவில்லை. முன்னொரு காலத்தில் தலைமை விமானி சொல்வதே சட்டம், மற்றவர் வாய் திறப்பதில்லை. 1980களில் அவரது நிறுவனம் அந்த வழக்கத்தை மாற்றி, விமானி அறையில் எல்லோரும் பேசவும் தலைவர் கேட்கவும் பயிற்சி கொடுத்திருந்தது. அந்தப் பயிற்சியே காரணம் என்றார். அறையிலிருந்த நால்வருக்கும் சேர்த்து 103 ஆண்டு பறப்பு அனுபவம் இருந்தது, அதைப் பயன்படுத்தாமல் விடுவதா என்பது அவர் வாதம். தரையிலும் முஸ்தீபு இருந்தது. சூ சிற்றிப் பிரதேசத்தின் மீட்புப் பிரிவுகள் 1987 இல் விமான விபத்து ஒத்திகை ஒன்றை நடத்தியிருந்தன.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டொஜ்ஜும் திறமைசாலி, ஹெய்ன்ஸும் திறமைசாலி. வித்தியாசம் அன்றைய தினத்துக்கு முன்னர் அணிக்குள் நடந்த பேச்சிலும் பழக்கத்திலும் இருக்கிறது.

நான்கு தூண்கள்

அணி ஒன்று அதிர்ச்சியைத் தாங்குவதற்கு நான்கு விடயங்கள் உதவும் என்று வைக் கூறுகிறார். எமது தொழிலுக்கு ஏற்றவாறு அவற்றைச் சுருக்கிச் சொல்வதானால்:

1. இருப்பதை வைத்துச் சமாளிக்கும் பழக்கம். வழமையான வழி அடைபட்டால் கையிலுள்ளதைக் கொண்டு வேறு வழி செய்தல். சிறிய சிக்கல்களை ஊழியரே தீர்க்க விடுபவரின் கடையில் இப்பழக்கம் வளரும்.

2. எல்லோருடைய வேலையும் எல்லோர் மனதிலும் இருத்தல். தலைவர் விழுந்தாலும் அடுத்தவர் அவ்விடத்தில் நின்று வேலையைத் தொடர வேண்டும்.

3. "எனக்கு எல்லாம் தெரியும்" என்ற எண்ணமும் வேண்டாம், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற நடுக்கமும் வேண்டாம். முன்னது புதிய ஆபத்தைக் காணவிடாது. பின்னது கையைக் கட்டிவிடும்.

4. மரியாதையுடன் பேசிக்கொள்ளுதல். பிறர் சொல்வதை நம்பிக் கேட்பது, தான் கண்டதை ஒளிக்காமல் சொல்வது, தன் புத்தியையும் இழிவாக எண்ணாமல் இருப்பது.

மேன் கல்ச் போன்ற அழிவுகளின் பின்னர், 1957 இல் அமெரிக்க வனத்திணைக்களம் தீயணைப்போருக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தது. பணிப்புரையைத் தெளிவாகக் கொடுப்பதுடன் அது விளங்கியதா என்று உறுதிசெய்ய வேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும். சொல்வதோடு தலைவரின் கடமை முடிவதில்லை என்பதே இதன் பொருள்.

எமது கடையில் செய்யக்கூடியவை

பெரிய செலவோ நிபுணர்களோ தேவையில்லை. பின்வருவனவற்றை ஒரு மாத காலத்துக்குள் செய்து முடிக்கலாம்.

முதலில், நான்கு கேள்விக்கு விடை எழுதுங்கள். ஆபத்தை முதலில் கண்டு சொல்பவர் யார்? ஒருவருக்கொருவர் எப்படித் தொடர்புகொள்வது? வெளியேறும் வழி எது? வெளியேறி எங்கே கூடுவது? இந்நான்கும் காட்டுத் தீயணைப்பாளர்கள் 1990கள் முதல் பயன்படுத்திவரும் விதியாகும். உங்கள் பின்வாசலைச் சாமான் பெட்டிகள் அடைத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

இரண்டாவதாக, உங்களுக்குப் பின் யார் என்பதைச் சொல்லி வையுங்கள். முதலாளி ஆஸ்பத்திரியில் இருந்தால் திறப்பு யாரிடம், கொடுக்கல் வாங்கல் கணக்கு யாருக்குத் தெரியும், கொழும்பு மொத்த வியாபாரியுடன் யார் பேசுவது? இவற்றை ஒருவர் தலையில் மட்டும் வைத்திருப்பது ஆபத்தானது. அந்த இரண்டாமவர் யார் என்பதை ஏனைய ஊழியர்களும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஒத்திகை பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கடை மூடும் நேரத்தில், மெயின் சுவிட்சை அணைப்பது முதல் வெளியே வந்து எண்ணிப் பார்ப்பது வரை செய்துபாருங்கள். பையன்கள் சிரிக்கக்கூடும், பரவாயில்லை. பயந்த நேரத்தில் உடல் செய்யப்போவது இந்தப் பழக்கத்தைத்தான். சாமானை விட்டுவிட்டு வெளியே வர வேண்டும் என்பதையும் உங்கள் வாயாலேயே முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். முதலாளி ஏசுவார் என்ற பயத்தில் ஒரு ஊழியர் துணிக்கட்டைத் தூக்கப் போய் உயிரிழக்கக் கூடாது.

நான்காவதாக, ஏதாவது பிசகினால் அன்றே உட்கார்ந்து நான்கு கேள்வி கேளுங்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் இந்த வித்தியாசம்? அடுத்த முறை என்ன செய்வோம்? அமெரிக்க இராணுவத்தில் தோன்றித் தீயணைப்புப் படைகளுக்கும் பரவிய முறை இது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. யார் குற்றவாளி என்று தேடும் கூட்டமாக இது மாறக் கூடாது. மாறினால் அடுத்த முறை எவரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

ஐந்தாவதாக, தீ, கொள்ளை, விபத்து போன்ற பயங்கரத்தைக் கண்ட ஊழியரைப் பக்குவமாகக் கவனியுங்கள். நடந்ததையெல்லாம் உடனே விபரமாகச் சொல்லும்படி வற்புறுத்துவது நல்லது என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011 இல் அது வெளியிட்ட வழிகாட்டி மூன்று விடயங்களைச் சொல்கிறது. தேவையைப் பார், காது கொடுத்துக் கேள், உதவியுடன் இணை. அதாவது பாதுகாப்பான இடத்தில் இருத்துங்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். குடும்பத்தாரிடம் சேர்த்துவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமின்றித் தவித்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள். "ஆம்பிளைப் பிள்ளை, இதுக்கெல்லாமா பயப்படுவது?" என்று கேலி செய்யாதீர்கள். காலில் அடிபட்டவரை நாம் ஓடச் சொல்வதில்லையே.

சிந்தனைக்கு

மேன் கல்ச்சில் இறந்த இளைஞர்கள் கோழைகள் அல்லர். விமானத்திலிருந்து தீக்குள் குதிக்கும் துணிச்சல் இருந்தவர்கள். டொஜ்ஜும் அவர்களைக் கைவிட்டவர் அல்லர், சாம்பலில் நின்று கூப்பிட்டவர். இரு தரப்பிலும் துணிவு இருந்தது. அவர்களுக்கிடையில் இருக்க வேண்டிய அறிமுகமும் நம்பிக்கையும்தான் போதவில்லை.

நம்பிக்கையை அவசரத்தில் கடனாக எடுக்க முடியாது. அது சம்பளத்தை நேரத்துக்குக் கொடுப்பதில், ஊழியர் சொல்வதை முழுதாகக் கேட்பதில், ஒரு வேலையைச் சொல்லும்போது அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்வதில் சிறுகச் சிறுகச் சேர்கிறது. நாளை உங்கள் கடையில் புகை எழும்போது, "இந்தப் பக்கம் வாருங்கள்" என்று நீங்கள் கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? இன்றிரவு கடை பூட்டும் முன் ஒவ்வொரு ஊழியரின் முகத்தையும் பார்த்து இக்கேள்வியை உங்களிடமே கேட்டுப்பாருங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், நாளைக் காலை அவர்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதிலிருந்து தொடங்குங்கள்.